மறு: 44ஏடிஏ-வில் ரிட்டர்ன் போட்டேன், நோட்டீஸ் வந்தால் எதைக் காட்டுவது?
நண்பரே, 44ஏடிஏ-வில் (டாக்டர், வக்கீல் மாதிரி தொழில் செய்றவங்க வரவில் பாதியையாவது லாபமாக் காட்டி வரி கட்டும் முறை) 2025 ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு 143(2) ஸ்க்ரூட்டினி நோட்டீஸ், அதாவது ரிட்டர்னை விரிவா ஆராயப் போறோம்னு சொல்லும் நோட்டீஸ், அனுப்ப 2026 ஜூன் 30 வரைதான் கெடு. 143(1) என்று மெயில் வந்தால் பதறாதீங்க, அது ரிட்டர்னை கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்பும் தகவல்தான், ஸ்க்ரூட்டினி இல்லை.

"44ஏடிஏ-ன்னா கணக்கே வேண்டாம்"னு எழுதியிருக்கீங்க. அது செலவுக்குச் சரி. வரவுக்கு ஆதாரம் கேட்டால்? நான் மாசக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டை பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு கிரெடிட் பக்கத்திலும் பென்சிலால் குறிச்சு வைப்பேன்: "இன்வாய்ஸ் 14", "மச்சான் திருப்பித் தந்த கைமாத்து". இந்த இரண்டாவது வகைதான் மூணு வருஷம் கழிச்சு சுத்தமா மறந்துபோகும்.

அடுத்த தடவை 26ஏஎஸ், ஏஐஎஸ் (உங்க பேரில் பிடிச்ச வரியையும் வந்த வரவையும் வரித் துறை காட்டும் பட்டியல்கள்) இரண்டையும் ஒத்துப் பார்த்துட்டு ரிட்டர்ன் போடுங்க. நோட்டீஸே வந்தாலும் முதல்ல அதிலுள்ள டி.ஐ.என். நம்பரை (ஒவ்வொரு நோட்டீஸுக்கும் துறை தரும் அடையாள எண்) வருமான வரி போர்ட்டலில் சரிபாருங்க. போலி மெயில்கள் நிறைய சுத்துது.