முதல் இடம்: எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கேள்வி (பொள்ளாச்சி): கையில் இருபது லட்சம் இருக்குதுங்க அண்ணா. முதலீட்டுக்காக முதல் இடம். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சென்ட் விலை குறைவு என்கிறார்கள். வாங்கலாமுங்களா?

பதில்: முதலில் வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'புரையிடம்' என்று போட்டிருந்தால் வீடு கட்டலாம். 'நிலம்' என்றிருந்தால் நெல்வயல். மண் கொட்டி மேடாக்கித் தென்னை வைத்திருந்தாலும் கணக்கில் வயல்தான். கேரளத்தில் 2008 முதல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விசாரியுங்கள். சர்வே எண் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல் பட்டியலில், ஏறியிருந்தால், அதை நீக்க நீங்கள்தான் விண்ணப்பம் போட்டு அலைய வேண்டும். மலிவாகச் சொல்கிற இடத்தில் முதல் சந்தேகம் இதில்தான் வர வேண்டும்.

பத்திரச் செலவு (முத்திரைத் தீர்வை + பதிவுக் கட்டணம்) கேரளத்தில் 8+2, தமிழ்நாட்டில் 7+2 சதவீதம். இந்த ஒரு சதவீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே பத்திரம் மலையாளத்தில் இருக்கும். விற்கிறவர் கூட்டி வருகிற ஆளை நம்பாமல், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் நீங்களே ஒரு வக்கீலைப் பிடித்துக் காட்டுங்கள்.

கேள்வி (சத்தியமங்கலம்): சாமராஜநகர் பக்கம் ரெண்டு ஏக்கர் தோட்டம் வருதுங்க. நான் விவசாயி இல்லை. வாங்க முடியுமா?

பதில்: கர்நாடகத்தின் 2020 நிலச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முடியும். ஆனால் ராத்திரியில் அங்கே போகிற திம்பம் மலைப் பாதையில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறதே! மோட்டார் ஓடவில்லை என்று இருட்டின பிறகு போன் வந்தால், விடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் முதலீடாக வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): சரி, கோவை சரவணம்பட்டியில் பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால், தவணையை வாடகையே கட்டிவிடாதா?

பதில்: கட்டாது. 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். வாடகை 15,000 வருகிறது என்றே வையுங்கள். மீதி உங்கள் சம்பளத்திலிருந்துதான். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் வேறு.

கேள்வி (கோபி): நாங்கள் நம்ம பக்கமே சின்ன மனை பார்த்துவிட்டோம். மனைவி பெயரில் பதிந்தால் சலுகை உண்டுங்களா?

பதில்: உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அப்புறம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணைக் கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க, போதும்" என்று புரோக்கர் இழுத்தால், அட்வான்ஸ் பணத்தை வெளியே எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.