திரையில் பளிச்சென்று தெரியும் போட்டோ, பிரின்ட்டில் ஏன் இருட்டடித்து வருகிறது?

பெரும்பாலும் பிரின்டர் மீது தப்பில்லை. மானிட்டர்தான் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கும்.

கலர் மேனேஜ்மென்ட் என்பது, ஒவ்வொரு கருவியும் நிறத்தை எப்படிக் காட்டும் என்ற குறிப்பை (புரொஃபைல்) வைத்துக்கொண்டு, திரையின் நிறத்தைக் காகிதத்துக்கு ஏற்ப மாற்றித் தருவது. ஆனால் திரை தானே ஒளிர்கிறது. காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி மட்டுமே அனுப்புகிறது. ஜவுளிக்கடை விளக்கில் ஜொலித்த புடவை வீட்டுக் கூடத்தில் மங்குவதைப் போலத்தான்.

புது மானிட்டர்கள் பல 250 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சத்தோடு வருகின்றன. பிரின்ட் வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். 250 நிட்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து எடிட் செய்தால், நம்மை அறியாமலேயே படத்தை இருட்டாக்கிவிடுவோம். முதலில் மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள். கண் பழக ஓரிரு நாள் ஆகும், திரை அழுதுவடிவதாகக்கூடத் தோன்றும்!

அப்புறம், நிற மாற்றத்தை போட்டோஷாப் செய்கிறதென்றால் பிரின்டர் டிரைவரில் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் நிறமும் கெடும், இருட்டும் கூடலாம். பிரின்ட்டையும் நல்ல வெளிச்சத்தில் வைத்தே பாருங்கள்.

“மானிட்டரை கேலிபரேட் செய்துவிட்டேனே” என்பார்கள் சிலர். கேலிபரேட் என்றால் திரையை அளந்து சரிசெய்வது. வெளிச்ச அளவை 250-லேயே விட்டு கேலிபரேட் செய்தால் நிறம் சரியாகும், பிரின்ட் இருட்டாகவே வரும்.