அணு உலைக் கப்பலுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

கேள்வி: அணுசக்தியில் ஓடும் விமானம் தாங்கிக் கப்பலுக்கு இருபது வருஷம் எரிபொருளே போட வேண்டாம் என்கிறான் பேரன். அப்படியானால் கரைக்கே வராதா? ஏதாவது உடைந்தால் சாமானுக்கு எங்கே போவார்கள்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பேரன் சொன்னது சரிதான் ஆச்சி, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பலில் இரண்டு அணு உலைகள், ஆயுள் 50 வருஷம், நடுவில் ஒரே ஒரு தடவைதான் உலைக்கு எரிபொருள் மாற்றுகிறார்கள் (அந்த ஒரு தடவைக்கே கப்பல் நாலு வருஷம், சமயத்தில் அதற்கு மேலும், தளத்தில் கிடக்கும்). ஆனால் 5,000 பேருக்குச் சாப்பாடும் விமானங்களுக்கு எரிபொருளும் உலையிலிருந்து வராதே. வேறொரு கப்பல் பக்கத்தில் ஒட்டி வந்து, ஓடுகிற ஓட்டத்திலேயே குழாய் போட்டு ஊற்றிவிட்டுப் போகும். சின்னச் சாமான் உடைந்தால் உள்ளேயே லேத் பட்டறை இருக்கிறது, கடைந்துகொள்வார்கள்.

பெரிய சாமான் போனால்தான் தலைவலி. எங்கள் வீட்டு வளவில் சுவரில் பதித்த ஜப்பான் டைல்ஸ் நாலு உடைந்தபோது, செய்த கம்பெனி எது, இன்னும் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும், கடைசியில் காரைக்குடி பழஞ்சாமான் கடைகளில் அலைந்து யாரோ இடித்த வீட்டில் பெயர்த்ததை வாங்கிவந்து ஒட்டினோம். பச்சை கொஞ்சம் வெளுப்புதான், போகட்டும்.

பிரான்சும் இதையேதான் செய்தது. அவர்களுடைய ஒரே அணுசக்தி விமானம் தாங்கிக் கப்பல் சார்ல் து கோல், 2000 நவம்பரில் வெள்ளோட்டத்துக்காக அட்லாண்டிக்கில் போனபோது ப்ரொப்பெல்லர் இறக்கை ஒன்று முறிந்துவிட்டது. வார்ப்பிலேயே கோளாறு. வார்த்துக் கொடுத்த கம்பெனியோ அதற்குள் திவாலாகியிருந்தது, வரைபடங்களும் தீயில் போய்விட்டன. அப்புறம் என்ன செய்ய? பழைய கிளமான்சோ, ஃபோஷ் கப்பல்களுக்கென்று வைத்திருந்த ஸ்பேர் ப்ரொப்பெல்லர்களை எடுத்து மாட்டினார்கள். 27 நாட் வேகத்தில் போக வேண்டிய கப்பல் 24, 25-க்கு மேல் போகவில்லை. சொந்த அளவில் புது ப்ரொப்பெல்லர் வந்தது 2007-ல் தொடங்கிய பெரிய பராமரிப்பின்போதுதான். உலை இரண்டும் நன்றாக இருந்து என்ன பிரயோசனம் சொல்லுங்கள்!

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. 1961-ல் கடற்படையில் சேர்ந்த எண்டர்பிரைஸ், எட்டு உலைகள், அந்த வகையில் கட்டியதே அது ஒன்றுதான். 2012-ல் அதற்கு ஓய்வு கொடுத்தபின் அதன் நங்கூரம் ஒன்று ஆபிரகாம் லிங்கன் கப்பலுக்குப் போனது. இதாவது பழசிலிருந்து எடுத்தது. 2017-ல் சேர்ந்த ஜெரால்ட் ஃபோர்டுக்கு, இன்னும் கட்டி முடியாத அதன் தங்கைக் கப்பல் கென்னடியிலிருந்து பாகங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். மூத்தவள் கல்யாணத்துக்கு இளையவள் நகையைப் போட்ட மாதிரி. இது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டும்போதே இரண்டு செட் வாங்கி வைத்திருக்கலாம், காசுக்கா பஞ்சம்?

கேள்வி: நம் விக்ராந்த் அணுசக்திக் கப்பலா?
– ஒரு கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: இல்லை தம்பி. கொச்சியில் கட்டி 2022-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் நாலு கேஸ் டர்பைனில் ஓடுகிறது. நம் இன்னொரு விமானம் தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவுக்கு நீராவி பாய்லர். நம்மிடம் அணு உலையில் ஓடுவது அரிஹந்த் வகை நீர்மூழ்கிகள், அந்த உலையின் முன்மாதிரியைக் கட்டி ஓட்டிப் பார்த்தது நம் கல்பாக்கத்தில்தான்.