கீத் பார்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன முறை, 1940இல் ஜெர்மன் விமானப்படையைப் பிரிட்டன் எதிர்த்து நின்ற பிரிட்டன் வான்போரைப் பற்றி எழுதியதிலிருந்து, அதில் பிரிட்டிஷ் போர் விமானங்களை வழிநடத்திய கீத் பார்க்கைக் குறித்தே அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பிடித்த தளபதி அவர்.

கேள்வி: பார்க் ஆங்கிலேயர்தானே?

இல்லை. 1892இல் நியூசிலாந்தின் தேம்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படை வீரராகக் கலிப்போலியில் போரிட்டார். 1916இல் பிரான்சின் சோம் களத்தில் வெடித்த குண்டு அவரைக் குதிரையிலிருந்து தூக்கியெறிந்தது. இனிக் குதிரையேற முடியாது என்றார்கள். சரி, விமானத்தில் ஏறலாமே என்று அந்த டிசம்பரிலேயே பறக்கும் படையில் சேர்ந்துவிட்டார்.

கேள்வி: ஏர் வைஸ் மார்ஷல் என்றால் எவ்வளவு பெரிய பதவி?

தரைப்படையின் மேஜர் ஜெனரலுக்குச் சமம். 1940இல் பார்க் வகித்த பதவி அதுதான். ஓய்வு பெறும்போது ஏர் சீஃப் மார்ஷல்.

கேள்வி: 'பிக் விங்' சர்ச்சையில் யார் பக்கம் நியாயம்?

பார்க் பக்கம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் அவருடைய 11ஆம் குரூப் என்ற போர் விமானப் பிரிவின் பொறுப்பு. ரேடார் எச்சரித்த பிறகு, ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் போதிய உயரத்துக்கு ஏறவே நேரம் பற்றாது. அதனால் ஒன்றிரண்டு ஸ்குவாட்ரன்களாக (விமான அணிகளாக) உடனுக்குடன் அனுப்பினார். குண்டு விழுவதற்கு முன்பே எதிரியைக் கலைக்க வேண்டும், ஒரே சண்டையில் எல்லாவற்றையும் இழந்துவிடவும் கூடாது. வடக்கே 12ஆம் குரூப்பின் தளபதி லீ-மேலரியோ, ஐந்து ஸ்குவாட்ரன்கள் வரை ஒன்றுசேர்த்து மோத வேண்டும் என்றார். அந்தப் பெரிய அணிதான் 'பிக் விங்'. அவை வானில் ஒன்றுகூடி வருவதற்குள் பல நாட்களில் குண்டுவீச்சே முடிந்திருந்தது.

செப்டம்பர் 15 அன்று பிரதமர் சர்ச்சில், பார்க்கின் கட்டுப்பாட்டு அறை இருந்த அக்ஸ்பிரிட்ஜ் நிலவறைக்கு வந்து, கையிருப்பில் எத்தனை விமானம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் பார்க். எல்லாமே வானில் இருந்தன. எதை எப்போது சேமிப்பது, எப்போது மொத்தமாக இறக்குவது என்று அறிந்திருந்தாரே, அதுதான் அவருடைய திறமை.

அப்படிப்பட்டவரை டிசம்பரில் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றி, அவர் நாற்காலியில் லீ-மேலரியையே உட்கார வைத்தார்கள். 1941 ஜனவரியில் லீ-மேலரி முந்தைய செப்டம்பர் தாக்குதல் ஒன்றை வைத்துத் தன் முறைப்படி ஒரு ஒத்திகை நடத்திப் பார்த்தார். விமானங்கள் கிளம்பும் முன்பே தளங்கள் குண்டுக்கு இரையாகிவிட்டதாக முடிவு வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் பார்க்குக்காக மனசு வலிக்கிறது.

கேள்வி: அத்தோடு அவர் வாழ்க்கை முடிந்ததா?

இல்லவே இல்லை. 1942 ஜூலையில், மத்திய தரைக்கடலில் பிரிட்டன் வசமிருந்த மால்டா தீவுக்கு வான்படைத் தளபதியாகப் போனார். எதிரி தீவுக்கு மேலே வரும்வரை காத்திராமல், கடலுக்கு மேலேயே மறிக்கச் சொன்னார். பகல் தாக்குதல்கள் சீக்கிரமே தணிந்தன. அக்டோபரில் நடந்த கடைசிப் பெருந்தாக்குதலும் பலிக்கவில்லை.

கேள்வி: அவர் இலங்கையில் இருந்தாராமே?

ஆமாம், கண்டியில். தென்கிழக்காசிய நேச நாட்டு வான்படைத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. முதலில் அந்தப் பொறுப்புக்குக் கிளம்பியவர் லீ-மேலரி. 1944 நவம்பரில், வரும் வழியில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். அதன் பிறகே 1945இல் பார்க் வந்தார். பர்மாவில் ஜப்பானியருக்கு எதிராக முன்னேறிய பிரிட்டனின் 14ஆம் படைக்கு அரிசியும் தோட்டாவும் வானிலிருந்து போய்ச் சேர்ந்த மாதங்கள் அவை. 1946இல் ஓய்வு பெற்று நியூசிலாந்து திரும்பினார். 1975இல் ஆக்லாந்தில் காலமானார். லண்டன் வாட்டர்லூ பிளேஸில் அவருக்கு நிரந்தரச் சிலை வைக்க 2010 ஆகிவிட்டது.