>>> குறியில் ஒட்டினால் __ஃபைல்__ ஏன் வருவதில்லை?

>>> என்பது பைத்தான் உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும் குறி; __ஃபைல்__ (ஆங்கிலத்தில் __file__) என்பது ஓடும் ஸ்கிரிப்ட் ஃபைலின் பெயரைத் தரும் மாறி. அந்தக் குறியில் வரிகளை ஒட்டி ஓட்டினால் __ஃபைல்__ கிடைக்காது. அங்கே ஃபைலே இல்லையே, பெயர் எங்கிருந்து வரும்? உங்களுக்கு வரும் 'நேம் எரர்' (அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை) அதுதான்.

கொழிஞ்சாம்பாறை பால் சொசைட்டிக் கணக்கு ஸ்கிரிப்ட் தன் பெயரிலேயே லாக் (ஓட்டத்தின் பதிவு) எழுத வேண்டும் என்றீர்கள். அப்படியானால் ஒட்டாதீர்கள். டெர்மினலில் பைத்தான், இடைவெளி, -ஐ (ஆங்கில -i), இடைவெளி, ஃபைல் பெயர் என்று கொடுங்கள். ஸ்கிரிப்ட் முழுக்க ஓடிவிட்டு >>> வந்து நிற்கும்; மாறிகளை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் ஓடி முடிந்தபின் __ஃபைல்__ காணாமல் போவதும் உண்டு. அதனால் முதல் வரியிலேயே

என்_பெயர் = __file__

என்று பிடித்து வையுங்கள். (பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயரை ஏற்கும், பயப்பட வேண்டாம்.)

சந்தேகம் இருந்தால் சிஸ் (sys) மாட்யூலை இம்போர்ட் செய்து, டெர்மினலில் அடித்ததை வைத்திருக்கும் ஆர்க்வி (sys.argv) பட்டியலின் 0-வது உறுப்பைப் பிரிண்ட் செய்யுங்கள். வெற்றுச் சரம் வந்தால் நீங்கள் வெறும் >>> குறியில்தான் இருக்கிறீர்கள். ஜூபிட்டர் நோட்புக் என்றால் அதன் கெர்னலை (பின்னால் நின்று வரிகளை ஓட்டும் நிரலை) துவக்கும் ஃபைலின் பெயர் வரும், உங்களுடையது வராது. அதை நம்பி லாக் எழுத வேண்டாம்.

இன்னொன்று. 3.9 பதிப்பிலிருந்து, நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டில் __ஃபைல்__ முழுப் பாதையைத் தரும். ஆர்க்வி அப்படியல்ல, நீங்கள் அடித்ததையே வைத்திருக்கும். வேலந்தாவளத்தில் ஒரு தேங்காய் மண்டிக்கு எழுதியபோது ஆர்க்வியை நம்பி, நடுவில் ஃபோல்டரை மாற்றிவிட்டு, லாக் எங்கே போனது என்று அரைநாள் தேடினேன்.