மலை இறக்கத்தில் பிரேக் பெடல் அமுங்கினால்

நண்பரே, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கருகல் வாடை வந்து, பெடல் மெத்தென்று உள்ளே போனது, கீழே நிறுத்தி ஆறவிட்டதும் சரியாகிவிட்டது, பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேடை விட எனக்குச் சந்தேகம் பிரேக் ஆயில் மேல்தான். நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்த ஆயில்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறியதும் குமிழி அடங்கும், பெடலும் பழையபடி நிற்கும். அதை நம்பி அடுத்த முறை மலை ஏறாதீர்கள்.

மெக்கானிக்கிடம் ஆயிலை முழுசாக மாற்றி, ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) சொல்லுங்கள். கொஞ்சம் மேலே ஊற்றி அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பேடையும் கழற்றிப் பார்க்கட்டும். தேய்ந்தோ, கண்ணாடி மாதிரி பளபளத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். இரண்டாவதில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆசையே வேண்டாம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் பதறாமல் இடம் பார்த்து ஒதுங்குங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.