மகன் சோற்றை விட்டதைவிட அப்பா விட்டதுதான் அவசரம்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் மகனுக்கு 23 வயது, எடை 62 கிலோ. மன்னார்குடியில் ஜிம்முக்குப் போகிறான். ஆறு மாதமாகச் சோற்றைத் தொடுவதில்லை. தினமும் பத்து முட்டையின் வெள்ளைக்கரு, எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோ, ஜிம் மாஸ்டர் கொடுத்த புரோட்டீன் பவுடர் இரண்டு வேளை. பவுடர் டப்பா 5,000 ரூபாய், பில் இல்லை. பொங்கலன்றுகூட ஒரு வாய் பொங்கல் சாப்பிடவில்லை. இப்போது அவன் பேச்சைக் கேட்டு, சர்க்கரைக்கு மாத்திரை போடும் அவன் அப்பாவும் இட்லி, சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதம்மா.

பதில்: நீங்கள் மகனை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு முதலில் உங்கள் கணவரைப் பற்றித்தான் கவலை. இன்று இரவே அவர் பழையபடி சாப்பிடட்டும். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அவருடைய மாத்திரை அட்டைகளை எடுத்து மகனிடம் கொடுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால், சோறு குறைந்ததால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு என்று ‘கிளி’யில் தொடங்கும் பெயர் இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ கதை வேறு. இவை அவர் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்ப எழுதிக் கொடுத்தவை. சாப்பாடு பாதியானாலும் மருந்து முழு வேலையைச் செய்யும். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். பல மாத்திரைகளில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்தே இருக்கும். அதனால் ஒரு பெயரைப் பார்த்ததும் நிறுத்தாமல் முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், படபடப்பு வரும். விடிகாலையில் மடை திறந்துவிடப் போனவர் வரப்பில் அப்படி வேர்த்து நின்றால் ‘புழுக்கம்’ என்றுதானே நினைப்போம்? அங்கேதான் ஆபத்து. அவர் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள். இவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் சிலருக்கு ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்கும். சோதித்தால் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. ‘சுகர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். சோற்றைக் குறைக்க அவர் ஆசைப்படுவது நல்லதுதான். டாக்டரிடம் சொல்லி, மாத்திரை அளவையும் சேர்த்து மாற்றிக்கொண்டு குறைக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் சாப்பாட்டை மாற்றினால் மாத்திரையையும் மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்து எடுத்துச் சொல்ல அந்த ஏற்பாட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஆரம்ப சுகாதார நிலைய வரிசையிலும் இதே நிலைமைதான். எனக்கு இதில் தீராத ஆற்றாமை உண்டு.

இனி மகன். சோறு சாப்பிடாததால் மட்டும் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நம் பக்கத்தில் தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டுமாகச் சாப்பிடுவதும் சரியில்லைதான். நாளுக்கு வேண்டிய கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொல்லியிருக்கிறது. அதற்காகத் தானியத்தையே ஒதுக்கச் சொல்லவில்லை. உடம்பை வருத்திப் பயிற்சி செய்கிறவனுக்கு இரண்டு கரண்டி சோறு பகை அல்ல.

புரதக் கணக்கைப் பாருங்கள். சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் போதும். உங்கள் மகன் எடைக்கு சுமார் 51 கிராம். எடை தூக்குகிறான், ஒன்றரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 93 கிராம் வருகிறது. பத்து வெள்ளைக்கருவில் சுமார் 36, கால் கிலோ கோழியில் சுமார் 55. ஆக 91 ஆயிற்று. ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்ந்தால் கணக்கைத் தாண்டிவிடுகிறது. பிறகு 5,000 ரூபாய் டப்பா எதற்கு? தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று அதே நிறுவனமும் சொல்கிறது. தினமும் பத்து மஞ்சள் கருவைக் கொட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஏ, டி, பி12 வைட்டமின்கள் அதில்தான் இருக்கின்றன. முழு முட்டையாகவே நாலு சாப்பிடட்டும். நாகப்பட்டினத்து மத்தி கிடைக்கும் நாளில் கோழியும் வேண்டாம்.

அந்த டப்பாவை நான் சும்மா விடப்போவதில்லை. பயிற்சி சொல்லிக் கொடுப்பவரே பவுடரும் விற்றால், ‘உனக்கு இது போதும்’ என்று அவர் எப்படிச் சொல்வார்? கமிஷன் அதில்தானே இருக்கிறது. பயிற்சியாளராக நிற்க என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்கவும் ஆள் இல்லை. பில் இல்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வெறும் சர்க்கரை மாவாக இருந்தால் பணம் மட்டும் போகும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் உடம்பும் போகும். முதுகு, தோளில் திடீரென்று பெரிய பெரிய பருக்கள், மார்பு வீக்கம், காரணமில்லாத கோபம், இவை தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ‘ஊசி ஒன்று போட்டால் சீக்கிரம் ஏறும்’ என்று மாஸ்டர் சொல்லியிருந்தால் அன்றே அந்த ஜிம்மை விடச் சொல்லுங்கள். ஊட்டச்சத்து கிளப், எடை குறைக்கும் டீ, ‘சுகர் ஃப்ரீ’ மாப்பிள்ளைச் சம்பா என்று வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடமும் ஏமாறாதீர்கள். மாப்பிள்ளைச் சம்பா அருமையான அரிசி. ஆனாலும் அரிசிதான், சர்க்கரைக்கு மருந்தல்ல.

பொங்கலன்று சாப்பிடாததை நீங்கள் எழுதியிருந்தது என் மனதை உறுத்தியது. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உங்களோடு உட்கார்ந்திருந்தானா, சாப்பிடச் சொல்வார்களே என்று அந்தப் பக்கமே வராமல் இருந்தானா? முன்னது என்றால் விட்டுவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து என்றாலே சாப்பாட்டுக்குப் பயந்து வர மறுப்பது, ஒருநாள் வெளியே சாப்பிட்டதற்கு மறுநாள் இரண்டு மடங்கு பயிற்சி செய்து தன்னைத் தண்டித்துக்கொள்வது, அரைக் கிலோ ஏறினால் நாள் முழுக்க முகம் தொங்கிப்போவது, வலியோடும் காய்ச்சலோடும் ஜிம்முக்கு ஓடுவது, இவை இருந்தால் இது வெறும் கட்டுப்பாடு இல்லை. திட்டினால் இன்னும் இறுகிப்போவான். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது; தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம்.

டப்பாவைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்ற வரி, இவ்வளவும் இருக்கிறதா என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள். எண் அச்சடித்திருப்பதாலேயே அசல் ஆகிவிடாது, அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று இணையத்தில் சரிபார்க்கலாம். பிறகு மாஸ்டரிடம் பில் கேட்கட்டும். தர மறுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். டப்பாவை மூடியோடு, மிச்சப் பவுடரோடு அப்படியே கொண்டுபோங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.